ஊர் மாறினாலும் மாறாத கணக்கு: பெரம்பலூர், அரியலூரில் வரியில்லாச் சேமிப்பின் கதை

1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். அந்த ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூரும் உடையார்பாளையமும் அதற்குள் அடங்கின. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனியாகப் பிரிந்தது. 2002 மார்ச் 31 அன்று திரும்பவும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் பிரிந்தது. ஜெயங்கொண்டத்தில் கடை வைத்திருந்த ஒருவர் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்குள், கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே, நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறார். மனு கொடுக்கப் போகவேண்டிய கலெக்டர் ஆபீஸ் மாறியது, முகவரியின் கடைசி வரி மாறியது. அவர் பொது வருங்கால வைப்பு நிதியில், எல்லோரும் பி.பி.எஃப் என்று சொல்லும் கணக்கில், போட்டுவந்த பணத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கணக்கை வரிச்சலுகைக்காகப் புகழ்வதுதான் வழக்கம். இந்த இரண்டு மாவட்டங்களின் பழைய கதையைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வரியில்லை என்பதைவிட, ஆள் போகும் இடத்துக்குக் கணக்கையும் கொண்டுபோகலாம் என்பதே இங்கே பெரிய வரவு. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு அதை மாற்றுவதை வங்கிகள் செய்துதரும் உபகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்தச் சேமிப்பின் பிறப்பிலேயே இருக்கும் குணம்.

வரியில்லாத நிரந்தர முதலீடு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பழுவேட்டரையர்கள் சோழருக்கு அடங்கி ஆண்ட பழுவூர் இன்று அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்று இருக்கிறது. (பொன்னியின் செல்வன் படித்தவர்கள் அரண்மனையைத் தேடி வந்து கோயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.) அந்தக் கோயில்களின் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு எரிக்கக் கொடுத்த பொன்னும் ஆடுகளும் பதிவாகியிருக்கின்றன. முதல் அப்படியே நிற்க வேண்டும், அதன் பலனில் விளக்கு எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. தஞ்சைப் பெரிய கோயில் ஊர்ச்சபைகளுக்குக் கொடுத்துவைத்த காசுக்கு ஆண்டு வட்டி காசுக்கு அரைக்கால், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. பி.பி.எஃப் தன் உச்ச காலத்தில், 1986 முதல் 2000-ன் தொடக்கம் வரை, கொடுத்த 12 விழுக்காட்டுக்கு அது கிட்டத்தட்டச் சமம். இறையிலி நிலங்கள் அரசனின் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றவை. பாதுகாப்பு, வட்டி, வரிவிலக்கு மூன்றும் அன்றே இருந்தன. இல்லாதது ஒன்றுதான். வைத்த முதல் எந்தச் சபையிடம் வைக்கப்பட்டதோ அந்தச் சபையோடு அது கட்டுண்டு கிடந்தது. கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்தவரை சுற்றுவட்டாரச் சபைகளும் இருந்தன. தலைநகர் ஓய்ந்து சபைகள் மறைந்தபோது, எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ள வழியில்லாத முதலும் கல்லில் எழுத்தாக மட்டும் மிஞ்சியது.

பிற்காலத்தில் குடியானவரின் சேமிப்பும் இதே தளையில்தான் கிடந்தது. இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி மானாவாரிக் காடு. பெரம்பலூர்ப் பக்கம் கரிசலில் பருத்தி, சின்ன வெங்காயம், பிறகு மக்காச்சோளம். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண்ணில் முந்திரி. ஒரு வருடம் விளைந்து இரண்டு வருடம் காய்கிற பூமியில் மிச்சம் பிடிப்பது மாட்டிலும் நகையிலும் குதிரிலும் கைமாற்றிலும் ஏலச்சீட்டிலும்தான். இவற்றில் நகை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஊரோடு ஒட்டியவை. சீட்டு என்பது சீட்டுப் பிடிக்கிறவரின் நாணயம். அவரையும் அவர் வீட்டையும் தெரிந்தவர்களுக்குத்தான் அது சேமிப்பு. ஊரைவிட்டுப் போகிறவன் சீட்டை முடித்துக்கொண்டு போக வேண்டும், அல்லது தள்ளி எடுத்துக்கொண்டு போக வேண்டும். கூடவே எடுத்துப்போக முடியாது. சீட்டு மோசம் என்று சொல்வதற்கில்லை. அவசரத்துக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் கடன் வசதி அது. அந்த வேலையை எந்த அரசுக் கணக்கும் அவ்வளவு சுருக்காகச் செய்ததில்லை. ஆனால் பதினைந்து வருடம் கழித்து, வேறு ஊரில் இருந்துகொண்டு, பிள்ளையின் படிப்புக்கு நம்பி நிற்கும் பணமாக அது இருக்க முடியாது.

இந்தத் தளையை அவிழ்த்தது தபால் ஆபீஸ். இங்கிலாந்தில் 1861-ல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் புதுமை, ஒரு கிளையில் போட்ட பணத்தை நாட்டின் எந்தக் கிளையிலும் எடுக்கலாம் என்பது. இந்தியாவில் 1873-ல் அரசு சேமிப்பு வங்கிச் சட்டம் வந்தது. 1882 ஏப்ரல் 1 முதல் தபால் ஆபீஸ்கள் சேமிப்பு வங்கிகளாகவும் செயல்படத் தொடங்கின. இங்கிலாந்தைப் போல எந்த ஊரிலும் எடுக்கும் வசதி இங்கே அன்று வரவில்லை. கணக்கை ஓர் அஞ்சலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வழிதான் இருந்தது. அது போதுமானதாகவும் இருந்தது. ஏனென்றால் அந்தப் பணத்துக்குப் பொறுப்பாளி போஸ்ட் மாஸ்டர் இல்லை, சர்க்கார். இந்த வேறுபாட்டை மதராஸ் மாகாணம் 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது பட்டுத் தெரிந்துகொண்டது. வெள்ளைக்காரக் கம்பெனி என்ற பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அந்த அதிர்ச்சியில்தான் அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. ஒரு நிறுவனம் விழும்போது அதோடு விழும் பணம் ஒருவகை; பணம் வாங்கும் கவுன்ட்டர் எதுவானாலும் அரசின் தலையில் நிற்கும் பணம் இன்னொரு வகை. பி.பி.எஃப் இரண்டாவது வகை. வங்கி வாங்குகிற பணம் அரசின் கணக்குக்குப் போகிறது. 1999 முதல் அது தேசிய சிறுசேமிப்பு நிதியில் சேர்கிறது. வங்கி அரசின் ஏஜென்ட், அதற்குரிய கூலி அதற்குக் கிடைக்கிறது. அதனால்தான் வங்கியை மாற்றினாலும் சேமிப்பு மாறுவதில்லை.

பி.பி.எஃப் யாருக்காக வந்தது என்பதையும் இந்த வட்டாரத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். 1952-ல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் முதலில் ஆறு தொழில்களுக்கு மட்டும் பொருந்தியது. அவற்றில் ஒன்று சிமென்ட். அன்றைய திருச்சி மாவட்டத்தில், அரியலூருக்குப் பக்கத்தில், டால்மியாபுரம் ஆலை 1939 முதலே ஓடிக்கொண்டிருந்தது. கடல் உயிரினங்களின் படிமங்கள் மண்டிய சுண்ணாம்புக்கல் பூமி இது. கல் இருந்ததால் ஆலை, ஆலை இருந்ததால் பி.எஃப். 1979-ல் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை வந்தது, பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலைக்குள் இருந்தவனுக்கு 1952 முதலே ஓய்வுக்காலப் பணம் சேர்ந்தது. ஆலை வாசலில் டீக்கடை வைத்தவருக்கு, லாரி சொந்தமாக ஓட்டியவருக்கு, ஊர் டாக்டருக்கு, வக்கீலுக்கு, வெங்காயக் கமிஷன் மண்டிக்காரருக்கு எதுவும் இல்லை. 1968-ன் பொது வருங்கால வைப்பு நிதிச் சட்டம் அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்காக. பெயரில் 'பொது' என்று வந்தது அதனால்தான். 1968 ஜூலை 1 அன்று திட்டம் தொடங்கியபோது வட்டி 4.8 விழுக்காடு, காலம் பதினைந்து ஆண்டு. அடுத்த ஆண்டுதான், 1969 ஜூலையில், பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. முதலில் ஸ்டேட் வங்கியும் அதன் துணை வங்கிகளும், பிறகு பெரிய தபால் ஆபீஸ்களும், மற்ற அரசு வங்கிகளும், கடைசியில் சில தனியார் வங்கிகளும் இந்தக் கணக்கைக் கையாளும் உரிமை பெற்றன. ஜன்னல்கள் பெருகப் பெருக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் வாய்ப்பும் பெருகியது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. 1886-ன் சட்டத்திலேயே அந்த விலக்கு இருந்தது, 1961-ன் சட்டமும் அதையே சொன்னது. பெரம்பலூர், அரியலூர் பெரும்பாலும் விவசாய மாவட்டங்கள். வரியே கட்டாதவனுக்கு வரியில்லாச் சேமிப்பு எதற்கு, இது சம்பளக்காரர்களின் கதைதானே என்று கேட்கலாம். வரி அளவில் இந்த மறுப்பு சரி. 2020-ல் புதிய வரிமுறை வந்து, 2023 முதல் அதுவே இயல்பான முறையாகிவிட்ட பிறகு இன்னும் சரி. அந்த முறையைத் தேர்ந்தவருக்குப் போட்ட தொகைக்கான கழிவு கிடையாது, வட்டிக்கு மட்டும் விலக்கு நிற்கிறது. ஆனால் இதே மறுப்பு என் வாதத்துக்குத்தான் உதவுகிறது. வரிதான் காரணம் என்றால் இந்த மாவட்டங்களின் வியாபாரிக்கும் மண்டிக்காரருக்கும் இந்தக் கணக்கால் பெரிய பயன் இருந்திருக்கக் கூடாது. பயன் வேறு இரண்டு இடங்களில் இருந்தது. 1968 சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு வாங்கும் நீதிமன்ற ஆணையால் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது என்றது. 2018-ல் பழைய சட்டங்களை ஒன்றாக்கி 2019 டிசம்பரில் புதிய திட்ட விதிகள் வந்தபோதும் அந்தக் காப்பு தொடர்ந்தது. மழையையும் மண்டி விலையையும் நம்பித் தொழில் செய்கிறவனுக்கு இது வரிவிலக்கைவிடப் பெரிது. இரண்டாவது பயன், சொன்னபடி, நகரும் தன்மை.

ஆசிரியர், வருவாய்த்துறை ஊழியர், காவலர், வங்கிக்காரர் எல்லோரும் மாற்றலில் வாழ்கிறவர்கள். ஜெயங்கொண்டத்தில் வேலை, வேப்பந்தட்டைக்கு மாற்றல், ஓய்வு திருச்சியில் என்பது சாதாரண வாழ்க்கைக் கோடு. கணக்கை மாற்றும் முறை காகிதத்தில் எளிது. பழைய கிளையில் விண்ணப்பமும் பாஸ்புக்கும் கொடுக்க வேண்டும். அந்தக் கிளை கணக்கின் சான்றிட்ட நகல், முதல் விண்ணப்பம், நாமினிப் படிவம், மாதிரிக் கையெழுத்து, இருப்புத் தொகைக்குக் காசோலை அல்லது டிடி, இவ்வளவையும் புதிய கிளைக்கு அனுப்பும். புதிய கிளை அடையாள ஆவணங்களை வாங்கிக்கொண்டு, கணக்கைப் புதிதாகத் தொடங்காமல் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளும். தொடர்ச்சி என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பதினொன்றாம் ஆண்டில் மாற்றினால் பன்னிரண்டாம் ஆண்டு புதிய இடத்தில் தொடங்கும். கடன் எடுக்கும் உரிமை, ஏழாம் ஆண்டு முதல் பகுதிப் பணம் எடுக்கும் உரிமை எதுவும் பின்னுக்குப் போகாது. நடைமுறையில் தாமதங்கள் இருந்தன. பதிவுத் தபால் ஒரு மேசையில் தூங்கும், கையெழுத்து ஒத்துப்போகாது, ஏதோ ஒரு ஆண்டின் வட்டி பதியாமல் விட்டிருக்கும். 2014 பிப்ரவரியில் சென்னை தியாகராய நகர்த் தலைமை அஞ்சலகத்தில் நாட்டின் முதல் அஞ்சலக ஏடிஎம் திறந்ததை ஒட்டிய ஆண்டுகளில் தபால் ஆபீஸ்கள் மையக் கணினி வலையில் சேர்ந்தன. அதற்குப் பின் அஞ்சலகத்துக்கு அஞ்சலகம் மாற்றுவது சுலபமானது. அஞ்சலகத்திலிருந்து வங்கிக்கோ, ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கோ மாற்றுவது இன்னமும் காகிதத்தின் வேகத்தில்தான் நடக்கிறது.

நகராத பணத்தின் ஆபத்தைத் தமிழ்நாடு 1990-களில் மறுபடியும் பார்த்தது. அரசு 12 விழுக்காடு கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அதைப்போல இரண்டு மடங்கு தருவதாகச் சொன்ன பைனான்ஸ் கம்பெனிகள் ஊருக்கு ஊர் முளைத்தன. அவை பூட்டிக்கொண்டு போனதன் விளைவு 1997-ன் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றும் உண்டு. 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் வங்கியின் துணை வங்கிகள் தாய் வங்கியில் கரைந்தன. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும் சேர்ந்தன. அந்த வங்கிகளில் பி.பி.எஃப் வைத்திருந்தவர்கள் ஒரே இரவில், விண்ணப்பமே போடாமல், புதிய வங்கிக்கு மாற்றப்பட்டார்கள். பைனான்ஸ் கம்பெனி மறைந்தபோது பணமும் மறைந்தது. வங்கியின் பெயர்ப்பலகை மறைந்தபோது ஒருவருடைய ஆண்டுக் கணக்கில்கூட மாற்றமில்லை. சாதாரண வங்கி வைப்புக்குக் காப்பீடு 1962-ல் 1,500 ரூபாயில் தொடங்கி 2020-ல்தான் 5 லட்சமானது. அரசே பொறுப்பாளியான பணத்துக்கு அந்த உச்சவரம்பு கிடையாது.

இவ்வளவு இருந்தும் மாற்றிக்கொள்ளும் உரிமை ஊரில் ஏன் அதிகம் தெரியவில்லை? என் பார்வையில் இதற்கு ஏஜென்ட்டுகளின் கதையில் விடை இருக்கிறது. சிறுசேமிப்பில் திரளும் பணத்தின் பெரும்பங்கு மாநில அரசுக்கே கடனாகத் திரும்பி வந்த காலத்தில் கலெக்டர் ஆபீஸ்களுக்குச் சிறுசேமிப்பு இலக்கு இருந்தது. வீடு தேடி வரும் ஏஜென்ட்டுகளுக்கும் கமிஷன் இருந்தது. 2011 டிசம்பர் முதல் பி.பி.எஃப்புக்கான ஏஜென்ட் கமிஷன் நிறுத்தப்பட்டது. சிக்கனம் என்ற வகையில் அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு இந்தக் கணக்கைப் பற்றிச் சொல்வதால் யாருக்கும் காலணா லாபமில்லை. வங்கிக்கு வேறு விற்பனைப் பொருள்கள் இருக்கின்றன, தபால் ஆபீஸுக்கு ஆள் பற்றாக்குறை. விளைவு, ஊர் மாறியவர்கள் பலர் பழைய கணக்கை மாற்றாமல் புதிய ஊரில் இன்னொன்றைத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு பி.பி.எஃப் கணக்குதான் என்பது விதி. 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குபடுத்தும் விதிகள் கூடுதல் கணக்குகளை எப்படி முதன்மைக் கணக்கோடு சேர்ப்பது, எதற்கு வட்டி கிடையாது என்று பகுத்துச் சொல்ல வேண்டி வந்ததே, இந்தத் தவறு நாடு முழுக்க எவ்வளவு பரவலானது என்பதற்குச் சாட்சி.

கைபேசியிலேயே பணம் கட்டலாம், கணக்கு எங்கே இருந்தால் என்ன என்பது இன்னொரு மறுப்பு. கட்டுகிறவரைக்கும் அது உண்மை. சேமித்தவர் இறந்த பிறகு நாமினி பணம் கேட்கும்போதும், முதிர்வில் கணக்கை நீட்டிக்கும்போதும், பழைய கையெழுத்து ஒத்துப்போகாதபோதும், கணக்கு இருக்கும் கிளையின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. திருப்பூரில் குடியேறிவிட்ட ஒரு விதவை செந்துறைக் கிளைக்கு நான்கு முறை நடப்பதா என்பதே கேள்வி. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. 2015 ஜனவரியில் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டமும் வரியில்லாததுதான். குடியிருப்பு மாறியதற்குச் சான்று கொடுத்தால் இந்தியாவின் எந்த ஊருக்கும் கட்டணமில்லாமல் மாற்றலாம், சான்று இல்லையென்றால் 100 ரூபாய். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள் இருந்தபோது அரியலூரில் 897 பேர்தான் இருந்தார்கள். மகள் பிறந்ததும் அவள் பெயரில் பணம் போடச் சொல்லும் ஒரு திட்டம், அவள் படிக்கப் போகும் ஊருக்கும் வாழப் போகும் ஊருக்கும் கூடவே வருவது, இந்த மாவட்டத்தில் சின்ன விஷயமில்லை.

நகர்தலுக்கு ஓர் எல்லை உண்டு, அது நாட்டின் எல்லை. லப்பைக்குடிக்காடும் வி.களத்தூரும் தலைமுறைகளாக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பும் ஊர்கள். வெளிநாடுவாழ் இந்தியராகிவிட்டவர் புதிதாகக் கணக்கு தொடங்க முடியாது. முன்பு தொடங்கியதை முதிர்வு வரை நடத்தலாம், அதற்குமேல் நீட்டிக்க முடியாது. 2017 அக்டோபரில் அரசு ஒருபடி மேலே போய், வெளிநாடுவாழ்வோர் ஆன நாளிலேயே கணக்கு முடிந்ததாகக் கருதப்படும் என்று அறிவித்தது. சில மாதங்களில், 2018 பிப்ரவரியில், அதை நிறுத்திவைத்தது. உள்நாட்டில் மாற்றலாகிப் போகும் ஊழியரின் பின்னால் நடந்துபோகும் கணக்கு, ஊருக்கு அதிகப் பணம் அனுப்புகிறவரின் பின்னால் போக மறுப்பது இந்தத் திட்டத்தின் பெரிய குறை என்பது என் கருத்து. அரசின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சந்தையைவிடக் கூடுதலாக அரசு தரும் வட்டி உள்ளூர்க்காரருக்கான உதவி, அது வெளிநாட்டு வருமானத்துக்குப் போகக் கூடாது என்பது அந்த நியாயம். ஆனால் 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 விழுக்காட்டிலேயே நிற்கும்போது அந்த உதவி அப்படியொன்றும் பெரிதில்லை.

தொழிலாளர் பி.எஃப்பில் 2014 அக்டோபரில் ஒவ்வொருவருக்கும் ஒரே நிரந்தர எண் வந்தது. முதலாளி மாறினாலும் அந்த எண் மாறாது. அரியலூர் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த அந்த வசதி ஆலை வாசல் கடைக்காரரின் பி.பி.எஃப்புக்கும் கிடைக்க வேண்டும். எந்த வங்கியில், எந்த அஞ்சலகத்தில் இருந்தாலும் ஒரே எண், கணினிக்குக் கணினி மாற்றம், குறிப்பிட்ட நாள்களுக்குள் முடிக்கும் கட்டாயம் ஆகிய மூன்றையும் மத்திய நிதி அமைச்சகம் செய்துதர வேண்டும். அதுவரை, ஊர் மாறுகிறவர்கள் கணக்கை முடிக்கவும் வேண்டாம், புதிதாக ஒன்று தொடங்கவும் வேண்டாம். பாஸ்புக்கில் கடைசி வட்டி வரை பதிந்து, அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, நாமினி பெயர் சரியா என்று பார்த்துவிட்டு, மாற்றல் விண்ணப்பத்தைப் பழைய கிளையில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.